விளிம்புகள் குறைந்த கடல்

தாராபுரத்திலிருந்து நேர் மேற்காக வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தால், அது பாலக்காட்டை ஒட்டிப் போய்ப் பொன்னானியில் அரபிக்கடலில் இறங்குகிறது. நேர் கிழக்காக இழுத்தால் திருச்சி, தஞ்சாவூர் ஓரமாகச் சென்று நாகப்பட்டினத்தில் வங்கக்கடலைத் தொடுகிறது. பொன்னானி, தாராபுரம், நாகப்பட்டினம் மூன்றும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. மேற்குக் கடல் சுமார் 175 கிலோமீட்டர். கிழக்குக் கடல் சுமார் 250. அமராவதி ஆற்றையும் வாய்க்கால் தண்ணீரையும் பார்த்து வளர்ந்த ஊருக்குக் கடல் என்பது பெரும்பாலும் படம்தான். காலண்டரில், லாட்ஜ் வரவேற்பறையில், மருத்துவமனைச் சுவரில் தொங்குகிற படம்.

ஆனாலும் ஆண்டுக்கு நான்கு மாதம் அந்தக் கடல் ஊருக்குள் வந்து போகிறது, காற்றாக. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளச் சரிவுகளில் கொட்டிவிட்டு, 30, 40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய்க்குள் நெருக்கியடித்து நுழைகிறது. நெருக்கத்தில் வேகம் கூடுகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரங்களில் நிற்கும் காற்றாலைகள் அந்த வேகத்தை நம்பி நட்டவை. பதிலுக்குக் கொங்கிலிருந்து கடலுக்குப் போவது தண்ணீர். ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறு கேரளத்துக்குள் புகுந்து பாரதப்புழையில் கலந்து பொன்னானியில் கடல் சேர்கிறது.

இந்தப் பாதையிலேயே ஓர் ஓவியரும் போய் வந்திருக்கிறார். 1911ஆம் ஆண்டு மே மாதம் கோயம்புத்தூரில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர் பள்ளிப் படிப்பைப் பொன்னானியில் படித்தார். பன்னிரண்டு வயதில் நிலக்காட்சிகள் வரையத் தொடங்கினார். பதினேழு வயதில் சென்னை நுண்கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் அவருடைய படங்கள் இடம்பெற்றன. தந்தை இறந்ததும் குடும்பத்துக்காகத் தந்தித் துறையிலும் ஆயுள் காப்பீட்டிலும் வேலை பார்த்தார். 1936இல்தான் சென்னை அரசு கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் அதே பள்ளிக்கு முதல்வரும் ஆனார். தண்ணீரும் தென்னையும் ஈர வானமும் நிறைந்த மலபார்க் கரைதான் அவருடைய கண்ணுக்கு முதல் வாத்தியார்.

கரையோர நிலக்காட்சி ஓவியங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிற சொல் ஒன்று உண்டு: அமைதி. யோசித்தால் இது விசித்திரம். நிஜக் கடல் ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை. அலை இரைகிறது, காற்று காதில் அறைகிறது, உப்பு தோலில் ஒட்டுகிறது, மீன் ஏலத்தில் கூச்சல் காதைப் பிளக்கிறது. ஓவியத்தில் சத்தம் இல்லை என்பதால் அமைதி வந்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. சந்தைக் கூட்டத்தை வரைந்த படத்திலும் சத்தம் இல்லை. ஆனால் அதைப் பார்த்தால் மனம் பரபரக்கத்தான் செய்கிறது.

அப்படியானால் கரையோரப் படத்தின் அமைதி எங்கிருந்து வருகிறது? இயற்பியல், நரம்பியல், உளவியல் மூன்றிலும் சிதறிக் கிடக்கும் விடைகளைத் திரட்டினால், எல்லாம் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. அந்தப் படங்களில் விளிம்புகள் குறைவு.

காய்கிற தாள்

நீர்வண்ணத்தில் வானம் எழுதுகிறவரை அருகில் நின்று கவனிக்க வேண்டும். பலகையைச் சற்றே சாய்த்து வைத்திருப்பார். பட்டைப் பிரஷ்ஷை நீலத்தில் தோய்த்துத் தாளின் மேல் விளிம்பில் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. இழுப்பின் அடியில் வண்ணநீர் ஒரு தடித்த சரமாகத் திரண்டு நிற்கும். அது காய்வதற்குள் அடுத்த இழுப்பு அந்தச் சரத்தைத் தொட்டு இழுத்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷ்ஷில் நீலம் குறையும், தண்ணீர் கூடும். தொடுவானத்துக்கு வரும்போது ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான். இதை ஓவியர்கள் வாஷ் என்கிறார்கள். நடுவில் அரை நிமிடம் கை நின்றால் போயிற்று. அந்த இடத்தில் ஒரு கோடு விழுந்துவிடும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

அந்தக் கோடு ஏன் விழுகிறது என்பதற்கு 1997இல் துல்லியமான விளக்கம் கிடைத்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் அவருடைய சக ஆய்வாளர்களும் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: மேசையில் சிந்திய காபித் துளி காய்ந்தால், கறை நடுவில் அடர்த்தியாக இல்லாமல் ஓரத்தில் வளையமாகப் படிவது ஏன்? துளியின் ஓரம் மேசையின் சொரசொரப்பில் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறது. ஓரத்தில் நீர் மெலிதாக இருப்பதாலும் காற்றுக்குத் திறந்து கிடப்பதாலும் அங்கேதான் ஆவியாதல் வேகம் அதிகம். இழந்த நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது. போகும்போது துகள்களையும் அள்ளிக்கொண்டு போகிறது. கடைசியில் துகள்கள் எல்லாம் ஓரத்தில் குவிகின்றன. இந்த ஆய்வு நேச்சர் இதழில் வெளியானது. காபிக்கு உள்ள விதி நீர்வண்ணத்துக்கும் உண்டு. தனியே காயும் ஒவ்வொரு தீற்றலும் தன்னைச் சுற்றி ஒரு கருத்த கரையை எழுதிக்கொள்கிறது.

அந்தக் கரை விழாமல் தடுக்க ஓவியர்கள் கண்ட வழி, தாளை முதலில் நனைத்துவிடுவது. ஏற்கெனவே ஈரமான பரப்பில் வண்ணத்துளிக்குப் பிடித்துக்கொள்ள ஓரம் கிடைப்பதில்லை. அது பரவுகிறது, பக்கத்து நீலத்தோடு கலக்கிறது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாமல் கரைகிறது. மேகமும் மூடுபனியும் தூரத்துத் தென்னந்தோப்பும் இப்படித்தான் எழுதப்படுகின்றன.

இங்கே ஊரின் காற்றுக்கும் பங்கு இருக்கிறது. கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. நனைத்த தாள் நெடுநேரம் ஈரமாகவே இருக்கும், ஓவியருக்கு அவகாசம் கிடைக்கும். தாராபுரம் மழை மறைவுப் பகுதி. ஆடி மாதக் காற்றில் திறந்தவெளியில் பலகையை வைத்தால், மேல்வரிசை நீலம் கீழ்வரிசைக்குக் காத்திருக்காமல் காய்ந்துவிடும். ஒரே ஓவியர், ஒரே வண்ணம், ஒரே தாளாக இருந்தாலும் பொன்னானியில் மென்மையாக வரும் வானம் இங்கே கோடு கோடாக வரக்கூடும். உலர்ந்த நாட்டில் நீர்வண்ணம் எழுதுகிறவர்கள் காற்று அடங்கிய விடியற்காலையைத் தேர்ந்தெடுப்பதும், தாளின் பின்பக்கத்தையும் சேர்த்து நனைப்பதும் இந்த ஆவியாதலோடு நடத்தும் பேரம்தான்.

மூளை தேடும் கோடு

விளிம்பு குறைந்தால் பார்ப்பவருக்கு ஏன் அமைதி வரவேண்டும்? இதற்கான முதல் தடயம் ஒரு பூனையின் மூளையில் தற்செயலாகக் கிடைத்தது.

1950களின் இறுதியில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹூபெலும் டார்ஸ்டன் வீசலும் பூனையின் பார்வைப் புறணியில் ஒரே ஒரு நரம்பணுவின் மின்துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கரும்புள்ளி ஒட்டிய கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகி, பூனையின் கண்முன் புள்ளியைக் காட்டிப் பார்த்தார்கள். அணு அசையவில்லை. மணிக்கணக்காக முயன்றும் பயனில்லை. ஒரு தகட்டைச் செருகும்போது திடீரென்று ஒலிபெருக்கி படபடவென்று வெடித்தது. புள்ளி அதற்குக் காரணம் அல்ல. தகட்டின் ஓரம் திரையில் போட்ட மெல்லிய நிழற்கோடுதான் அணுவை எழுப்பியது. அதுவும் ஒரு குறிப்பிட்ட சாய்வில் நகரும்போது மட்டும். மூளையின் இந்தப் பகுதி வெளிச்சத்தின் அளவைவிட வெளிச்சம் மாறுகிற இடத்தைத்தான் பொருட்படுத்துகிறது என்று தெரிந்தது. இந்த ஆராய்ச்சிக்கு 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

விழித்திரையிலும் இதே கதைதான். அங்குள்ள நரம்பணுக்கள் தம் பார்வைப்பரப்பின் நடுவையும் சுற்றுப்புறத்தையும் ஒப்பிடுகின்றன. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் மூளைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எனவே ஒரே சீராக வெளுத்துப் போகும் வானமும், மெல்ல மெல்ல நிறம் மாறும் நீரும் பார்வை மண்டலத்துக்குச் சுமை குறைந்த காட்சிகள்.

சுமை கூடினால் என்ன ஆகும் என்பதை பிரிட்டிஷ் உளவியலாளர் ஆர்னல்ட் வில்கின்ஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். நெருக்கமான கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பலருக்குக் கண்கூச்சம் தருகின்றன. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு வலியைத் தூண்டுகின்றன. ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ள சிலருக்கு வலிப்பையே வரவழைக்கின்றன. 2008இல் அவரும் டொமினிக் ஃபெர்னாண்டஸும் ஓவியங்களையும் இயற்கைக் காட்சிகளையும் வைத்து இதைச் சோதித்தார்கள். இயற்கைக் காட்சிகளில் பெரிய வடிவங்களில் வெளிச்ச வேறுபாடு அதிகமாகவும், நுணுக்கங்களுக்குப் போகப்போக ஒரு சீரான விகிதத்தில் குறைவாகவும் இருக்கும். அந்த விகிதம் தவறி, இடைப்பட்ட அளவிலான கோடுகளில் வேறுபாடு மிகும் படங்களைத்தான் மக்கள் பார்க்கச் சங்கடமானவை என்றார்கள். வானம், கடல், மணல் என மூன்று பெரும் பட்டைகளாகப் பிரிந்து, உள்ளுக்குள் அதிகக் கோடில்லாமல் கிடக்கும் கரையோரப் படம் இதற்கு நேர் எதிர்ப்புறத்தில் இருக்கிறது.

ஆய்வகம் பக்கமே போகாமல் இதைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் ஸ்டுடியோவுக்குத் திரை எழுதியவர்கள். டிஜிட்டல் கேமரா வருவதற்கு முன்னால் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் போட்டோ ஸ்டுடியோக்களில் கடற்கரை, தென்னை, நிலா, படிக்கட்டு எழுதிய திரைகள் தொங்கின. காலண்டர் ஓவியங்களால் பெயர்பெற்ற கோவில்பட்டி கொண்டையராஜுவும் நாடகக் குழுவில் திரை எழுதியவர்தான். ஸ்டுடியோத் திரையில் வேண்டுமென்றே அலையின் நுரையைத் தெளிவில்லாமல் எழுதுவார்கள். தென்னை ஓலையைப் பிரித்துப் பிரித்துக் காட்டமாட்டார்கள். முன்னால் நாற்காலியில் உட்காரும் புதுமணத் தம்பதியின் முகமும் பட்டுக்கரையும்தான் படத்தில் கூர்மையான விளிம்புகளாக இருக்கவேண்டும். கடலைத் தேடிப் போகாத கொங்குக் குடும்பங்களின் ஆல்பங்களிலும் ஒரு கடல் இருப்பது இந்தத் திரைகளின் உபயம்.

தொடுவானத்தில் நடப்பது

கரையோரப் படத்தில் ஒரு விளிம்பை மட்டும் யாராலும் தவிர்க்க முடியாது. அதுதான் தொடுவானம். அதையும் மழுக்க இயற்கையே உதவி செய்கிறது.

கரையில் நிற்பவருக்குத் தொடுவானம் மிகத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். கணக்குப் போட்டால், கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு அது வெறும் நாலரைக் கிலோமீட்டர். மணலில் உட்கார்ந்துவிட்டால் மூன்று கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். சமதளக் கரையில் பார்ப்பவரின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில்தான் எதிரே உள்ள எல்லாப் பொருளையும் தொடுவானக் கோடு வெட்டும். படத்தில் கரையில் நிற்கும் மனிதனின் தலைக்கு நேராகக் கோடு போனால், பார்ப்பவர் நின்றுகொண்டிருக்கிறார் என்று பொருள். அவனுடைய இடுப்புக்கு நேராகப் போனால், பார்ப்பவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கோட்டை எங்கே போடுவது என்ற முடிவிலேயே ஓவியர் பார்ப்பவரை உட்காரவைக்கவும் முடியும், மாடியில் ஏற்றவும் முடியும்.

நீரின் நிறம் இதைவிடச் சுவாரசியமானது. கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் பிரதிபலிப்பால்தான் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி கருதினார். திருச்சியில் பிறந்த சி.வி. ராமனுக்கு அது போதவில்லை. 1921இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா என்ற கப்பலில் திரும்பும்போது ஒரு நிக்கோல் பட்டகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி ஏறக்குறைய முழுவதும் ஒரே தளத்தில் அதிர்கிறது. செங்குத்திலிருந்து அளந்தால் நீருக்கு அந்தக் கோணம் சுமார் 53 பாகை. பட்டகத்தைத் திருப்பி அந்த ஒளியை அணைத்துவிட்டால் வானத்தின் பிம்பம் போய்விடும். அப்படிப் போன பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. சொல்லப்போனால் நீலம் கூடியது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே நேச்சர் இதழுக்கு எழுதினார். நீர் சிவப்பு ஒளியை அதிகமாக உறிஞ்சிவிடுவதும் இந்த நீலத்துக்குப் பெருங்காரணம் என்பது இன்றைய அறிவு. ஒளிச்சிதறலை அவர் தொடர்ந்து துரத்தியது 1928இல் ராமன் விளைவிலும் 1930இல் நோபல் பரிசிலும் போய் முடிந்தது.

இருந்தாலும் ரேலி சொன்னது முழுத் தவறல்ல. அது தொடுவானத்துக்குப் பக்கத்தில் பொருந்துகிறது. காலடியில் உள்ள தண்ணீரை நேர்கீழாகக் குனிந்து பார்த்தால் மேற்பரப்பு திருப்பி அனுப்பும் ஒளி சுமார் 2 சதவீதம்தான். அங்கே தெரிவது தண்ணீரின் சொந்த நிறம், மணலின் நிறம், கலங்கல். பார்வை சாயச் சாயப் பிரதிபலிப்பு கூடிக்கொண்டே போகிறது. தண்ணீர்மட்டத்தை ஒட்டிப் பார்த்தால் அது கண்ணாடியாகவே மாறிவிடுகிறது. ஆகவே படத்தின் கீழ்ப்பகுதியில் கடல் கடலாக இருக்கிறது. மேலே போகப்போக அது வானமாகிவிடுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே நிறம்.

மிச்சமிருக்கும் வேறுபாட்டையும் காற்று தின்றுவிடுகிறது. நுரை தெறித்துக் காற்றில் மிதக்கும் உப்புத் துகள்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. 1924இல் ஜெர்மானிய வானிலையாளர் ஹரால்ட் கோஷ்மீடர் இதற்கு ஒரு கணக்கு சொன்னார். ஐந்து கிலோமீட்டரில் வேறுபாடு பாதியானால் பத்துக் கிலோமீட்டரில் கால் பங்காகும், பதினைந்தில் அரைக்கால். தாராபுரத்தில் தெளிந்த காலையில் தெற்கே பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. பச்சையாக இருக்கவேண்டிய பழனி மலைத்தொடர் அங்கிருந்து வெளிறிய நீலமாகத்தான் தெரியும். பின்னணிக்குப் பின்னணி நீலம் கூட்டி, அடர்த்தி குறைத்து எழுதும் வித்தையை லியனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் விரிவாக எழுதியிருக்கிறார்.

இந்த மென்மை எப்போதும் குற்றமற்ற மூடுபனியால் வந்தது என்றும் நினைத்துவிடக் கூடாது. 2023இல் அன்னா லீ ஆல்பிரைட், பீட்டர் ஹைபர்ஸ் இருவரும் டர்னரும் மோனேவும் வரைந்த ஏறத்தாழ நூறு ஓவியங்களில் விளிம்புகளின் கூர்மையைக் கணினியால் அளந்தார்கள். லண்டனிலும் பாரிஸிலும் நிலக்கரிப் புகையின் கந்தக டைஆக்சைடு பெருகப் பெருக, ஓவியங்களில் விளிம்புகள் மங்கி, வெளிறல் கூடிக்கொண்டே போயிருந்தது. அந்த ஓவியர்கள் புதிய பாணியைக் கண்டுபிடித்தது போலவே, மாறிப்போன காற்றையும் உள்ளபடி எழுதியிருக்கிறார்கள் என்பது இவர்களின் முடிவு.

தாளின் வரம்பு

நடுப்பகல் கடலில் சூரியன் பட்டுத் தெறிக்கும் ஒளிக்கும் படகின் அடிநிழலுக்கும் உள்ள வேறுபாடு ஆயிரக்கணக்கான மடங்கு. தாளின் தூய வெள்ளைக்கும் அடர்ந்த கறுப்பு வண்ணத்துக்கும் உள்ள வேறுபாடு இருபது, முப்பது மடங்குதான். எவ்வளவு பெரிய ஓவியரானாலும் இதைத் தாண்ட முடியாது. உச்சிவெயில் கடலை அவர் சொல்ல முயன்றால் தாள் தோற்றுவிடும். விடியலும் மாலையும் மேகம் கவிந்த நாளும்தான் தாளின் வரம்புக்குள் அடங்குபவை. கரையோர ஓவியங்களில் அந்த வேளைகள் திரும்பத் திரும்ப வருவதற்கு ரசனையோடு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

மோனே 1872இல் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் எழுதிய சூரியோதயம் இந்த வரம்பை வைத்தே விளையாடியது. சாம்பல் நீல மூடுபனிக்குள் ஆரஞ்சுச் சூரியன் துடிப்பதுபோல் இருக்கும். ஹார்வர்டு நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் அதை அளந்து பார்த்தபோது, சூரியனின் வெளிச்ச அளவும் சுற்றியுள்ள மேகத்தின் வெளிச்ச அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. அந்த ஓவியத்தின் படத்தை செல்போனில் கறுப்பு வெள்ளையாக்கினால் சூரியன் ஏறக்குறைய மறைந்தே போகும். பொருள் எங்கே இருக்கிறது, நகர்கிறதா என்று கணிக்கும் மூளைப்பகுதிக்கு நிறம் தெரியாது. அதற்குச் சூரியன் தட்டுப்படுவதில்லை. நிறம் அறியும் பகுதிக்கோ அது பளிச்சென்று தெரிகிறது. இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகாததால் சூரியன் ஓரிடத்தில் நிலைக்காமல் மிதக்கிறது. நிறத்தில் விளிம்பு உண்டு, வெளிச்சத்தில் விளிம்பு இல்லை.

உடம்பு தரும் சாட்சி

அமைதி என்பதை அளக்க முடியுமா? மருத்துவமனைகளில் முயன்றிருக்கிறார்கள். ரோஜர் உல்ரிச் 1984இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஆராய்ந்தார். 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மற்ற 23 பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆயிற்று. வலுவான வலிமருந்தும் முதல் குழுவுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

அடுத்த சோதனைக்கு ஜன்னலை விட்டுப் படத்துக்கு வந்தார். 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் உப்சலா பல்கலைக்கழக மருத்துவமனையில் இதய அறுவைசிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 160 பேரின் எதிரே வெவ்வேறு படங்கள் வைக்கப்பட்டன. சிலருக்கு மரங்களோடு திறந்த நீர்ப்பரப்பு, சிலருக்கு அடர்ந்த காடு, சிலருக்கு அரூப ஓவியம், சிலருக்கு வெற்றுப் பலகை அல்லது ஒன்றுமே இல்லை. நீர்ப்பரப்பைப் பார்த்தவர்களிடம் பதற்றம் குறைந்திருந்தது. நேர்கோடுகளால் ஆன அரூப ஓவியம் எதிரே இருந்தவர்களுக்குப் பதற்றம் கூடியது. ஒன்றுமே பார்க்காதவர்களைவிட அவர்கள் நிலை மோசம்.

2010இல் பிரிட்டனில் மேத்யூ வைட்டும் சக ஆய்வாளர்களும் 120 புகைப்படங்களை மக்களிடம் காட்டினார்கள். தண்ணீர் உள்ள காட்சிகளுக்கு, அவை நகரக் காட்சிகளாக இருந்தாலும், விருப்ப மதிப்பெண் கூடியது. ரேச்சல், ஸ்டீபன் கப்லன் தம்பதி இதற்கு முன்பே ஒரு விளக்கம் தந்திருந்தார்கள். கணக்கு எழுதுவது, நெரிசலில் வண்டி ஓட்டுவது போன்றவற்றுக்கு வலிந்து செலுத்தும் கவனம் தேவை, அது தேய்ந்துபோகும். மேகம், நீர், இலையசைவு போன்றவை கவனத்தைப் பிடுங்காமல் ஈர்க்கின்றன. அந்த நேரத்தில் வலிந்த கவனம் ஓய்வெடுக்கிறது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுத்த இந்த முடிவுகளை அப்படியே தமிழ்நாட்டுக் கரைக்குப் பெயர்த்துவர முடியாது. விடிவதற்குள் கட்டுமரம் தள்ளுகிறவருக்குத் தொடுவானம் ஓய்வெடுக்கும் இடமல்ல. அங்கே தெரியும் மேகத்தின் நிறத்திலும் நீரின் சுருக்கத்திலும் அன்றைய காற்றையும் நீரோட்டத்தையும் படிக்கவேண்டும். மற்றவர் கண்ணுக்கு வெறும் வாஷ். அவர் கண்ணுக்கு அங்கே சேதி இருக்கிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினத்தில் கடலின் படம் எல்லோருக்கும் ஒரே உணர்வைத் தரும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

அமைதியா, ஏக்கமா?

பழந்தமிழ் இலக்கணம் கரையின் உணர்வாக அமைதியைச் சொல்லவில்லை. தொல்காப்பிய மரபில் நெய்தல் நிலத்துக்கு உரியது இரங்கல். அதற்கான பொழுது, பகல் சாயும் எற்பாடு. ஓர் உணர்வுக்கு ஒரு நிலத்தையும் நேரத்தையும் பறவையையும் பூவையும் வகுத்துக் கொடுத்த அந்த முறை, கடலோர மாலையைப் பிரிந்தவளின் ஏக்கத்தோடு கட்டிவைத்தது. உப்சலாவின் நோயாளிகளுக்குப் பதற்றம் தணித்த அதே நீர்ப்பரப்புதான் இங்கே நெஞ்சைப் பிசைகிறது.

இரண்டும் முரண் என்று தோன்றும். 1980இல் உளவியலாளர் ஜேம்ஸ் ரஸல் வகுத்த உணர்வு வரைபடத்தில் இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர் உணர்வுகளை இரண்டு அச்சுகளில் வைத்தார். ஒன்று இன்பமா துன்பமா என்பது. மற்றது உடம்பின் கிளர்ச்சி எவ்வளவு என்பது. கோபமும் குதூகலமும் மேலே, கிளர்ச்சி மிகுந்த பக்கம். அமைதியும் துயரமும் கீழே, கிளர்ச்சி குறைந்த பக்கம். விளிம்பு குறைந்த படம் பார்ப்பவரைக் கீழே இறக்கிவிடுகிறது. அங்கிருந்து இன்பத்தின் பக்கம் சாய்வதா துன்பத்தின் பக்கம் சாய்வதா என்பதைத் தீர்மானிப்பவை வேறு: கரையில் தனியாக நிற்கும் ஓர் உருவம், திரும்பாத படகு, பார்ப்பவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த நினைவு. ஓவியர்கள் ஒரே ஒரு படகைக் கூட்டியோ குறைத்தோ படத்தின் உணர்வைத் திருப்பிவிடுவது இதனால்தான் முடிகிறது.

கரைக்கு வந்த பிறகு

பணிக்கரின் பிற்கால வாழ்க்கை இந்த அத்தியாயத்துக்கு ஓர் எதிர்ச்சோதனை போல அமைந்துவிட்டது. 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கி, 1957இல் கலைப் பள்ளியின் முதல்வரான அவர், 1966இல் மாணவர்களோடும் சக ஓவியர்களோடும் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற காசில் ஓவியர்கள் அங்கே குடியிருந்து வரைந்தார்கள். கடல் கூப்பிடு தூரத்தில்.

ஆனால் அந்த நேரத்தில் பணிக்கரின் கித்தானில் கடல் இல்லை. 1963 வாக்கில் தொடங்கிய சொற்களும் குறியீடுகளும் என்ற வரிசையில் அவர் மூழ்கியிருந்தார். ஜாதகக் கட்டம் போன்ற சதுரங்கள், எண்கள், எழுத்துப்போல் தோன்றி எந்தச் சொல்லாகவும் சேராத கிறுக்கல்கள், சிறு உருவங்கள். படம் முழுக்க விளிம்புகள். பார்ப்பவரின் மூளை அதை வாசிக்க முயன்று, முடியாமல், மறுபடி முயல்கிறது. 1977இல் அவர் மறையும்வரை இந்த வரிசை தொடர்ந்தது.

திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரிலேயே உள்ள காட்சிக்கூடத்தில் அவருடைய வெவ்வேறு காலத்துப் படைப்புகள் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் ஓவிய மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித்தரும் ஒரு சோதனையைச் செய்துபார்க்கலாம்: கண்ணைப் பாதி மூடி, இமைகளுக்கு நடுவே படத்தைப் பார்ப்பது. நுண்ணிய கோடுகள் கலங்கிப் பெரிய பரப்புகள் மட்டும் தங்கும். நிலக்காட்சி அப்போதும் நிலக்காட்சியாகவே இருக்கும். குறியீட்டு ஓவியத்தின் எழுத்துகள் அழிந்து, அடியில் பூசிய வண்ணப் பரப்பு மேலே வரும். கண்ணை முழுதாகத் திறந்ததும் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, வாசிக்கச் சொல்லி வற்புறுத்தும்.